பூட்டிய விறகு

என் பெயர் லெஸ்டர் ஹாகன், வயது நாற்பத்தாறு, தகப்பனார் பெயர் க்ளைட். ஐடஹோ மாநிலம் ப்ரூக்டன் ஊரில் மில் சாலையில் குடியிருந்து, டயர் கடையில் வேலை பார்க்கிறேன். மாநில மலைப் பூங்காவின் குடிலில் இருந்த பெஞ்சை எரித்தது நான்தான்.

சென்ற சனிக்கிழமை காலை நானும் மகள் மார்னியும் மலையேறினோம். அந்தப் பூங்காவுக்குச் சாலை கிடையாது, என் தொந்தியும் நடந்துதான் போக வேண்டும். ஓடையில் வழுக்கி விழுந்தது நான், என்னைத் தூக்க வந்து இடுப்புவரை நனைந்தது அவள். அதன் பிறகு பனி கொட்டியது. திரும்பிவிடலாமா என்று கேட்டாள். "அடுப்புல விறகு அடுக்கியிருக்கும்டி, குச்சி உரசினா போதும்" என்றேன். குடிலை விட்டுப் போகிறவர் அடுத்து வருகிறவருக்கு அப்படி அடுக்கிவைப்பது எங்கள் மலை வழக்கம். அதை நம்பி எண்ணெய் அடுப்பை வீட்டில் வைத்துவிட்டு, பையில் அந்த இடத்தில் உருளைக்கிழங்கைத் திணித்துப் போயிருந்தேன்.

குடிலில் அடுப்பு காலியாக இருந்தது. விறகும் கோடரியும் இரும்புக் கம்பிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. சிவப்பு வண்ணம் பூசிய அந்தப் பூட்டு என்னுடையது, படகு ஏற்றும் வண்டியைப் பூட்டவென்று வெர்ன் ப்ராட்டி இரவல் வாங்கியது. வெர்ன் மீன்பிடிக்க ஆட்களை அழைத்துப் போகும் வழிகாட்டி, மார்னிக்கு ஞானத்தகப்பன்.

பூட்டைக் கல்லால் அடித்துப் பார்த்தேன், அசையவில்லை. நடுங்கிக்கொண்டிருந்த மார்னி, "இப்போ குளிரலப்பா, தூக்கமா வருது" என்றாள். குளிரில் உயிர் போகும் முன்பு அப்படித்தான் இருக்கும். அதன் பிறகு பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தேன். என் எடை உதவியது அன்று ஒருநாள்தான்.

அவள் பிறந்த வருடம் வெர்னும் நானும் பலகைகளை முதுகில் சுமந்து போய்ச் செய்த பெஞ்சு அது. ஆளுக்கொரு பலகையில் பெயர் செதுக்கியிருந்தோம். என் பலகையை முதலில் எரித்தேன். அடுத்ததை எடுத்தபோது, "வெர்ன் மாமா பேருப்பா" என்றாள். போட்டேன். அவள் உதடு மறுபடி சிவந்தது அந்தப் பலகையில்தான்.

மறுநாள் இறங்கி வந்து வெர்னுக்கு ஃபோன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னேன். "டேய் லெஸ்டர், காசு குடுத்து வர்றவங்களுக்கு வச்ச விறகுடா அது. வழக்கமாம், வழக்கம்! பெஞ்சைப் போய் எரிச்சியே, குண்டா, அறிவிருக்கா?" என்றான். மார்னி எப்படியிருக்கிறாள் என்று கேட்பான் என ஃபோனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வைத்துவிட்டான். அதன் பிறகு அவன் கொடுத்த புகாரின் பேரில் பூங்காக் காவலரான தாங்கள் வந்தீர்கள்.

பெஞ்சுக்கு உண்டான அபராதத்தைக் கட்டிவிடுகிறேன். என் பூட்டை மட்டும் அவனிடமிருந்து திருப்பி வாங்கித் தரவும், அதன் சாவி இன்னும் என் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான், கூட்டிக் குறைத்து ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) லெஸ்டர் ஹாகன்