மழை நாளில் குளவி

சங்கு ஊதுகிறது. நிற்காமல் ஊதுகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பானையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வருகிறேன். மூன்று நாளாக மழை விடவில்லை. லயத்து வரிசை வீடுகளில் எல்லாக் கதவும் திறக்கிறது. யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் பெரட்டுக்களத்தைப் பார்த்து ஓடுகிறார்கள்.

வெளியாருக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டம் மலைநாட்டில், பூண்டுலோயா ஊருக்கு மேலே. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கரண்ட் சங்கு ஊதினால் பெரட்டு. களத்தில் போய் நிற்க வேண்டும். ஆள் பார்த்து வேலைக்குப் பிரிப்பார்கள். பிறந்ததிலிருந்து சங்குக்கு அந்த ஒரே அர்த்தம்தான். அன்று சங்கை ஊதவிட்டது ஸ்டோரில் வேலை செய்யும் ராசு அண்ணன். மேல்மலையில் நிலம் வெடித்திருப்பதைக் கண்டார். தப்பித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் ஊதினார். எங்கள் காதில் பெரட்டுக்கு வா என்று விழுந்தது. பெரட்டுக்களம் பள்ளத்தில் இருக்கிறது. ஓடைக்குப் பக்கத்தில்.

எனக்கு முன்னால் என் தங்கை செல்வி. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். வீட்டில் வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவோம். திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"ஞாயித்துக்கெழமையும் வேலையாம்க்கா! வெரசா வா!"

"நீ போ புள்ள! படங்க எடுத்துக்கிட்டு வர்றேன்!"

படங்கு என்பது கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் தடித்த தார்ப்பாய். கொடியில் கிடந்தது. உருவித் தலையில் போட்டுக்கொண்டேன். அதனால்தான் பின்தங்கினேன்.

பாதை பிரியும் இடம். இடப்பக்கம் இறங்கினால் களம். வலப்பக்கம் ஏறினால் மாரியம்மன் கோயில். அங்கே நின்றுவிட்டேன். ஏதோ குறைகிறது. சங்கு கேட்கிறது. தகரத்தில் மழை அடிப்பது கேட்கிறது. ஓடை கேட்கவில்லை.

மூன்று நாளாகக் காதைப் பிளந்த ஓடை அது. எட்டிப் பார்க்கிறேன். வெறும் கல். கொஞ்சம் சேறு. மேலே எங்கோ சரிந்த மண் தண்ணீரை மறித்துக்கொண்டு நிற்கிறது. போன வருடம் அரசாங்கத்து ஆட்கள் கோயில் வாசலில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். அடைமழையில் ஓடை அடங்கினால் மேட்டுக்கு ஓடுங்கள் என்று. பன்னும் பிளேன்டீயும் கொடுத்தார்கள். நான் பன்னுக்குத்தான் போனேன். அந்த ஒரு பேச்சு மட்டும் மண்டையில் ஒட்டிக்கொண்டது.

கத்துகிறேன்.

"மண்ணு வருது! எறங்காதீங்க! கோயிலுக்கு ஏறுங்க!"

சங்கு என் குரலை விழுங்குகிறது. காதில் விழுந்தவர்களும் நிற்கவில்லை. "களத்துக்கு வா, அங்க பேசிக்கலாம்" என்று கைகாட்டிவிட்டு இறங்குகிறார்கள். எனக்கு அழுகை வந்தது. இன்னொரு தடவை கத்தினால் தொண்டைதான் போகும்.

கத்துவதை நிறுத்தினேன். ஒரு மூச்சு நின்றேன். இந்தச் சனம் எதைக் கண்டால் கேள்வி கேட்காமல் ஓடும்? யோசிக்க வேண்டியது அது ஒன்றுதான்.

குளவி.

கொழுந்து மலையில் குளவிக்கூடு கலைந்தால் ஒருத்தியும் விசாரிக்க மாட்டாள். தலையை மூடுவாள். முன்னால் ஓடுகிறவள் பின்னாலேயே ஓடுவாள். தயங்கி நின்றவர்களைத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம்.

படங்கை முகம் வரை இழுத்தேன். கையை வீசி வீசி அடித்துக்கொண்டு மேட்டில் ஏறினேன்.

"குளவி! குளவி! ஓடுங்க!"

குரல் எட்டாதவர்களுக்கும் என் கோலம் புரிந்தது. ஒருத்தி சாக்கைத் தலையில் இழுக்கிறாள். அடுத்தவள் குழந்தையை மாராப்புக்குள் மூடுகிறாள். கூட்டம் திரும்புகிறது. என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு கோயில் படியில் ஏறுகிறது. நான் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். செல்வி இல்லை.

கீழே, களத்துக்கு இறங்கும் படியில் பாதியில் நிற்கிறாள். பக்கத்தில் கீழ்லயத்து மேரி. செல்வி என்னையே பார்க்கிறாள். வாய் அசைகிறது. மேரியை மேலே தள்ளுகிறாள். பிறகு திரும்பிக் கீழே இறங்குகிறாள்.

"செல்வி! ஏறுடி! ஏறு!"

சங்கு பாதியில் நின்றது. கரண்ட் போயிருக்க வேண்டும். அந்த அமைதியில் அவள் என் குரலைக் கேட்டிருப்பாள். அடுத்து மலை வந்தது. பத்து லாரிக் கல்லை ஒன்றாகக் கொட்டுவது போன்ற சத்தம். பச்சை மண் வாசம். அவளை நோக்கிக் கீழே ஓடப் பார்த்தேன். யாரோ என் படங்கைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணைத் திறந்தபோது களம் இல்லை. படியும் இல்லை.

இப்போது பள்ளிக்கூடத்தில் முகாம். டவுனிலிருந்து ஒரு மிஸ் வந்தார். மனதை எப்படித் திடப்படுத்துவது என்று பேசினார். நல்ல பிள்ளை. அந்த நேரத்தில் எப்படிப் பயப்படாமல் யோசித்தீர்கள் என்று என்னைக் கேட்டார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு மிஸ் பயப்படாம இருந்தா? பயம் வவுத்துலயே உக்காந்திருந்துச்சு. அத வெரட்ட நேரமில்ல. அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டு, அடுத்து என்ன செய்யலாம்னு மட்டும் பாத்தேன்" என்றேன். அவர் அழுதார். நானும் அழுதேன்.

ராசு அண்ணன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்று போய்ச் சொன்னேன். அவர் ஊதியிருக்காவிட்டால் எல்லோரும் லயத்துக்குள்ளேயே புதைந்திருப்போம். இனி சங்கு பெரட்டுக்கு மட்டும். மண்ணுக்குக் கோயில் மணி. முகாமில் கூடிப் பேசி முடிவு செய்தோம். முன்பே பேசியிருக்க வேண்டும். யாருக்கும் தோன்றவில்லை.

கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மேரி நேற்றுத்தான் வந்தாள். படியில் செல்வி சொன்னதைச் சொன்னாள். "மழையில குளவி பறக்காது மேரி. அக்கா பொய் சொல்லுதுன்னா பெருசா ஏதோ இருக்கு. நீ ஏறு. கீழ போனவங்கள நான் கூட்டிட்டு வர்றேன்."

போனவற்றைச் சொல்கிறேன். மேல்லயம் போயிற்று. கீழ்லயம் போயிற்று. பிள்ளைக் காம்பரா போயிற்று. ஆட்கள் ஏழு பேர். ஆறு பேர் சங்கு கேட்டுக் களத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். ஏழாவது செல்வி. அவர்களைக் கூப்பிடப் போனவள்.