நான் பாடிக் காற்று நின்ற கதை

என் பேச்சுக்கு ஐந்தே நிமிடம் என்று அன்போடு அளந்து கொடுத்து, அந்த ஐந்தையும் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே வீற்றிருக்கும் அவைத்தலைவர், எங்கள் பாசத்திற்குரிய பங்குத்தந்தை அவர்களே! பரமக்குடியிலிருந்து பஸ் மாறி வந்து, என் பாடல்களை இதுவரை ஒருமுறைகூடக் கேட்டிராத காரணத்தால் முகம் மலர அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே! வலை இழுத்துக் காய்த்த கரங்களால் எனக்குக் கைதட்டலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஊர்ப் பெரியோர்களே! பெற்ற பிள்ளை அழுதாலும் பொறுத்து, நான் பாடினாலும் பொறுத்த தாய்மார்களே! பெரியபட்டினத்திலிருந்து ஒலிபெருக்கி கொண்டுவந்து, என் குரலைப் பாம்பன் வரைக்கும் அனுப்பிக்கொண்டிருக்கும் அருமைச் சகோதரர் ஹமீது அவர்களே! பின்வரிசையில் கைபேசிக்குள் தலை கவிழ்ந்திருக்கும் இளைய சிங்கங்களே! உங்கள் அனைவரின் பாதம் பணிந்து, பாவம் செய்தவன் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து நிற்பதைப் போல இந்த மேடையில் நிற்கிறேன்.

என் தோளில் பொன்னாடை போர்த்தினீர்கள். நோட்டீசில் என் பெயரை "கீதக்கடல் டென்னிஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டீர்கள். கேட்கிறேன், அந்தப் பட்டத்தை எனக்குத் தந்தது யார்? பல்கலைக்கழகமா? பாவலர் மன்றமா? பங்குப் பேரவையா? இல்லை ஐயா, இல்லை! அச்சகத்துக்காரர் போனில் "பேருக்கு முன்னால ஏதாவது போடணுமா?" என்று கேட்டார். போட்டுக்கொண்டேன்!

ஆனால் அந்தப் பட்டத்தில் எவ்வளவு பெரிய பொய் இருக்கிறது தெரியுமா? தெரியும் என்று சிரிக்கிறீர்கள். விருந்தினருக்காகச் சொல்கிறேன். நான் கடலோடியின் மகன். கடலில் கால் வைத்தால் குடல் வெளியே வரும் மகன்! பதினெட்டு வயதில் ஒருநாள் அய்யாவோடு வள்ளத்தில் போனேன். போனது மீன் பிடிக்க. அன்று முழுக்க அவர் பிடித்தது என் தலையை. அதோடு என்னை ஐஸ் கம்பெனியில் சேர்த்துவிட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கேதான் ஐஸ் உடைக்கிறேன். அங்கேதான் பாட்டும் எழுதுகிறேன். என் பாடல்களின் முதல் ரசிகர்கள் அந்த ஐஸ் பார்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், என் பாட்டைக் கேட்டு இன்றுவரை ஓர் ஐஸ் கட்டிகூட உருகியதில்லை.

பதினான்கு ஆண்டுகளில் அறுபத்தொரு பாடல்கள் எழுதினேன். மீன்பிடித் தடைக்காலமும் அறுபத்தொரு நாள், என் பாடல்களும் அறுபத்தொன்று. இரண்டிலும் ஊருக்கு வருமானம் கிடையாது! கைபேசியில் பாடிப் பதிந்து, காலை ஐந்து மணிக்குக் குழுக் குழுவாக அனுப்புவேன். உறவினர் குழுவுக்கு அனுப்பினேன், உறவு குறைந்தது. பழைய மாணவர் குழுவுக்கு அனுப்பினேன். மூன்று பேர் விலகினார்கள். ஐஸ் கம்பெனிக் குழுவுக்கு அனுப்பினேன். முதலாளி என்னை விலக்கினார். வீட்டில் என் துணைவி ஜெப்சி இருக்கிறாளே, அடுப்படியில் எந்தப் பாட்டையும் முணுமுணுக்கிறவள், என் பாட்டில் மட்டும் ஒரு வரி அவள் வாயில் வந்ததில்லை. கேட்டால், "ஏங்க, எனக்கு உப்பு புளி பாக்கவே நேரமில்ல" என்பாள்.

யாரது பின்னால், "ஒண்ணு பாடிக் காட்டுங்க" என்பது? தம்பி, பந்தி இன்னும் போடவில்லை. ஊரைப் பட்டினியாகக் கலைத்துவிடும் எண்ணமா?

எனக்கு ஆசை இருந்தது. பெரிய ஆசை. பணம் வேண்டாம், பரிசு வேண்டாம், படம் வேண்டாம். நான் எழுதிய ஒரே ஒரு பாட்டை நம் கோயிலில், நம் பாடகர் குழு, நம் சனங்களோடு சேர்ந்து ஒருநாள் பாட வேண்டும். பாட்டுத்தாளில் அதற்குக் கீழே என் பெயர் வர வேண்டும். இவ்வளவுதான். ஒவ்வொரு திருவிழாவுக்கும் பாடகர் குழுத் தலைவி ஜோதிமேரியிடம் தாளை நீட்டுவேன். தங்கச்சி வாங்கிப் பார்த்து, "பாப்போம் அண்ணே" என்று சொல்லும். பதினான்கு ஆண்டுகள், அறுபது பாடல்கள், அறுபது "பாப்போம்"!

சென்ற ஆண்டு ஆடித் திருவிழாவில்தான் கதவு திறந்தது. இங்கே தலைமை வகிக்கும் சாமியார் அப்போது ஊருக்குப் புதியவர். என்னைப் பற்றி யாரும் அவரை எச்சரிக்கவில்லை. "கொடியேற்றத்தன்று படகு மந்திரிக்கும்போது நீங்களே உங்கள் பாட்டைப் பாடுங்கள். சனங்களுக்குப் பிடித்தால் ஒன்பதாம் நாள் தேர்ப்பவனியில் பாடகர் குழு பாடட்டும்" என்றார். நான் தூங்கியிருப்பேனா? உண்டிருப்பேனா? உடைக்க வேண்டிய ஐஸை ஒழுங்காக உடைத்திருப்பேனா? எழுதினேன், என் அறுபத்தொன்றாவது பாட்டை!

"காற்றே நில்லு, கடலே தூங்கு,
கடவுள் வாரார், கண்ணை மூடு!
அலையே அடங்கு, அசையாதிரு,
ஆண்டவர் சொன்னார், அமைதியாயிரு!"

எதுகை இருந்தது, மோனை இருந்தது, சந்தம் இருந்தது. என்ன இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை. கொடிமரத்தருகே நின்று, ஹமீது தந்த மைக்கில் ஏழு முறை பாடினேன். சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்தபிறகும் பாடினேன். நாட்டுப்படகுகள் எல்லாம் கரையில் வரிசையாக நின்று கேட்டன.

மறுநாள் காற்று நின்றது.

சிரிக்காதீர்கள்! கச்சான் காற்று கூரையைப் பிய்க்கிற ஆடி மாதத்தில், தென்னை ஓலை ஆடவில்லை, கொடிமரத்துக் கொடி ஆடவில்லை, கட்டிப் போட்ட படகு ஆடவில்லை. ஒருநாள் அல்ல, இருநாள் அல்ல, எட்டு நாள்! கடல் பாயை விரித்ததுபோல் கிடந்தது. பார்க்கப் பார்க்க எனக்குப் பூரிப்பு. அறுபது பாட்டில் எதுவும் பலிக்கவில்லை, இது பலித்துவிட்டதே! மார்பை நிமிர்த்திக் கடற்கரைக்கு நடந்தேன். அங்கே ஜோதிமேரியின் வீட்டுக்காரர் செபஸ்தியான் வெறும் வள்ளத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

"ஏலே டென்னிஸு! நீதான காத்த நிக்கச் சொல்லிப் பாடுன? நின்னுருச்சு. இப்ப வரச் சொல்லிப் பாடுலே!"

"ஏன் மச்சான், கடல் அமைதியா இருந்தா நல்லதுதான? இன்ஜின் இருக்குல்ல?" என்றேன்.

"இன்ஜின் படகத்தான் தள்ளும். மீனத் தள்ளுமா?"

பரமக்குடி ஐயாவுக்கு விளங்க வேண்டும். காற்று அடித்தால் நீரோட்டம் எடுக்கும். அதை இங்கே நீவாடு என்போம். நீவாடு ஓடினால் தண்ணீர் கலங்கும். கலங்கினால்தான் மீன் வலையைக் காணாமல் வந்து விழும். கடல் தெளிந்து கிடந்தால் மீன் வலையைப் பார்த்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும். இந்தக் கரையில் நடக்கப் பழகுமுன் பிள்ளைகள் இதைப் பழகிவிடும். நாற்பது வயதுக் கீதக்கடலுக்கு இது தெரியவில்லை! மந்திரித்து நின்ற படகுகளின் முன்னால், ஊர் மொத்தத்துக்கும் பட்டினியைக் கேட்டு, ராகம் போட்டு, ஏழு முறை மன்றாடியிருக்கிறேன்!

மீன் கூடை சுமந்து உச்சிப்புளிக்குப் போகும் முருகம்மாள் அக்கா, இதோ முன்வரிசையில் இருக்கிறார், வெறுங்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தபடி, "ஏப்பா பாட்டுக்காரரே, நாங்க உமக்கு என்ன பாவம் செஞ்சோம்?" என்று கேட்டார். கேட்டீர்களா இல்லையா அக்கா? தலையை ஆட்டுகிறார், பாருங்கள். சாமியாரிடம் ஓடினேன். அவர் என் தோளைத் தொட்டு, "கவலைப்படாதீங்க டென்னிஸ். ஆண்டவர் உங்க பாட்டைக் கேட்டிருக்க மாட்டார்" என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்!

ஒன்பதாம் நாள் தேர் புறப்பட்டது. பாட்டுத்தாளில் என் பாட்டின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தது. அன்று நான் ஐஸ் கம்பெனிக்குள் போய், குளிரில் நின்று அழுதேன். சிரிப்பதற்கு நடுவே இதையும் சொல்லிவிட வேண்டும், அழுதேன். பதினான்கு ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த ஒரே வாய்ப்பை என் கையாலேயே கெடுத்துக்கொண்டேனே என்று அழுதேன்.

திருவிழா முடிந்ததும் ஜோதிமேரி வீட்டுக்குப் போனேன். "இனிமே எழுத மாட்டேன் தங்கச்சி" என்றேன். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன்.

"எழுதுங்க அண்ணே, யாரு வேணாம்னா? மெட்டு நல்லாத்தான இருக்கு. ஒருநா இவரோட கடலுக்குப் போயிட்டு வந்து எழுதுங்க. காத்து இல்லாட்டி இவரு வெறுங்கையோட வாராரு. காத்து மிஞ்சிருச்சுன்னா நான் வந்து கரையில நிக்கிறேன். ரெண்டுக்கும் நடுவுல கெடந்துதான் நாங்க சாமி கும்புடுறோம். நீங்க எந்தப் பக்கம் நின்னு எழுதுறீங்க?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் எதுகையாவது இருந்ததா? மறுநாள் விடியற்காலையில் செபஸ்தியான் வள்ளத்தில் ஏறினேன்.

வள்ளத்தில் நடந்த அனைத்தையும் சொல்ல முடியாது, சாப்பிடப் போகிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், நான் கடலுக்குக் கொடுத்ததுதான் அதிகம். முதல் வலையில் மீன் இல்லை. நண்பகல் நெருங்கும்போது கச்சான் எழுந்தது. வள்ளம் ஒரு குதி குதித்தது. பயத்தில் எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. என் பாட்டுதான் வந்தது. கண்ணை மூடி, "காற்றே நில்லு, கடலே தூங்கு" என்று தொடங்கினேன். தொடங்கியதுதான் தாமதம்!

"வாய மூடுலே! இப்பத்தான வந்துருக்கு!"

மூடிக்கொண்டேன். நீவாடு எடுத்தது. அடுத்த வலையில் விளமீனும் பாறைமீனும் துள்ளின. ஆனால் காற்று அதோடு நிற்கவில்லை, ஏறியது. செபஸ்தியான் சுக்கானைப் பிடித்தபடி கரை இருந்த திசையைப் பார்த்தார். உதடு அசைந்தது. "என்ன மச்சான் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"காத்தக் குடுத்த, கரையையும் குடுன்னு கேக்குறேன். வேற என்னத்தக் கேக்க?"

அவையோரே! அறுபத்தொரு பாடல்களில் நான் தேடித் தேடிக் காணாத வரி அது. அகராதியில் இல்லை, அலங்காரத்தில் இல்லை, என் அரைகுறை ஞானத்தில் இல்லை. முப்பது ஆண்டுகளாக ஒரு மனிதர் தினமும் கடலில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கரையில் உட்கார்ந்து அவருக்காகப் பாட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்! அந்த வரியைத் திருடினேன். இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன், திருடினேன்!

"காத்தக் குடு ஆண்டவரே, கரையும் குடு;
போற வழி தெரியக் குடு, வார வழி திறந்து குடு!"

ஜோதிமேரியிடம் நீட்டினேன். தங்கச்சி படித்தது. "பாப்போம்" என்று சொல்லவில்லை. பேனாவை எடுத்து அடியில் ஒரு வரி சேர்த்தது: "இன்னாருக்குக் கரையக் குடு." ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டு ஆளின் பேரைச் சொல்லிப் பாட வேண்டும் என்றது. அன்று தொடங்கியது. இன்று மண்டபம் ஊர்க் கரையிலும் பாடுகிறார்களாம். யார் எழுதியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாதாம்! முதல் வரி செபஸ்தியானுடையது, கடைசி வரி ஜோதிமேரியுடையது. என்னுடையது என்ன? மெட்டும், நடுவில் ஒரு வரியும், படகை நாறடித்த பெருமையும்!

ஐந்து நிமிடம் முடிந்து வெகுநேரமாகிவிட்டது என்று சாமியார் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். ஒன்றைச் சொல்லி இறங்கிவிடுகிறேன்.

இன்று காலை மந்திரிப்பு நடந்தது. முதல் வள்ளம் ஒரு சுற்றுப் போய்வருவது நம் வழக்கம். அதில் என்னை ஏற்றிவிட்டார்கள். நான் ஏறவில்லை, ஏற்றினார்கள்! கரையில் பெண்கள் பாடத் தொடங்கினார்கள். ஹமீதின் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பேராகத் தண்ணீர் மேல் வந்தது. "செபஸ்தியானுக்குக் கரையக் குடு" என்று ஜோதிமேரியின் குரல். அடுத்தடுத்து வேறு குரல்கள். அப்புறம் ஒரு குரல், பதினான்கு ஆண்டுகளாக என் பாட்டில் ஒரு வரியையும் பாடாத குரல், உப்பு புளி பார்க்கவே நேரமில்லாத குரல், "டென்னிசுக்குக் கரையக் குடு" என்று பாடியது.

பாட்டுக்குக் கீழே என் பெயர் வர வேண்டும் என்றுதானே இத்தனை காலம் ஏங்கினேன்? இன்று பாட்டுக்கு உள்ளேயே வந்துவிட்டது! ஜெப்சி, நீ பாடியபோது நான் படகின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் கேட்டது. ஒவ்வோர் எழுத்தும் கேட்டது.

பொறுத்த ஊருக்கும், போர்த்திய பொன்னாடைக்கும், கோடு போட்ட பேனாவுக்கும், "வாய மூடுலே" என்று தக்க நேரத்தில் தடுத்தாட்கொண்ட என் மச்சானுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. இங்கிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டிய அளவு காற்று கிடைக்கட்டும்; போனவர் எல்லோருக்கும் கரை கிடைக்கட்டும். மரியே வாழ்க! வணங்கி அமர்கிறேன். இலை போடச் சொல்லுங்கள், நான் பாட மாட்டேன்.