கேட்டண்டை ஒரு இடம்

ஏழு மணி அடிக்கக் கால் மணி இருக்கும். மாம்பலம் ஸ்டேஷனை விட்டிறங்கி, தண்டவாளத்தை ஒட்டியே தெற்கே போகிற தெரு. பதினாலு வீடு... பதின்மூன்றில் பூட்டு. தெருவிளக்கு எரியாது. நடந்தால் செருப்புச் சத்தம் பின்னாலேயே வரும். நின்றால் அதுவும் நிற்கும். அந்தத் தெருவில்தான் ஸ்ரீரங்கன் தினமும் வீடு திரும்பினார்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொல்கிற விஷயமில்லை இது. நம் சிநேகிதன் சுவாமிநாதனின் சித்தப்பாதான் இந்த ஸ்ரீரங்கன். ரயில்வேயில், படம் வரைகிற ஆபீசில் வேலை.

நாற்பத்திரண்டாம் வருஷம், சித்திரை மாசம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. மனைவி விசாலாக்ஷியையும் ஆறு வயசு மகள் சூடாமணியையும், மன்னார்குடியில் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டுக்கு ரயிலேற்றிவிட்டார். அவருக்கு மட்டும் லீவு இல்லை.

முதல் வாரம் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். இரண்டாம் வாரம், கூடத்தில் இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டுப் பலகை பரப்பினார். யுத்தத்துக்கு முன்னால் சூடாமணிக்கு வாங்கிய சாவி கொடுக்கிற எஞ்சின் ஒன்று, இரண்டு பெட்டியோடு பரணில் கிடந்தது. குழந்தை திரும்பி வருவதற்குள் அதற்கு ஒரு முழுப் பாதை போட்டுவிடுவது என்று தீர்மானம்.

முதலில் காகிதத்தில் படம் போட்டார். எழும்பூரிலிருந்து சைதாப்பேட்டை தாண்டி ஆற்றுப் பாலம் வரை, ஒரு ஸ்டேஷன் விடாமல். பலகை நீளம் போதவில்லை. நுங்கம்பாக்கத்தில் பாதையை வளைத்தார். வளைவில் எஞ்சின் குப்புற விழுந்தது. வெளிப்பக்கத் தண்டவாளத்துக்கு அடியில் தபால் கார்டை மடித்துக் கொடுத்து உயர்த்தினார்... ஓடிற்று. தண்டவாளத்துக்குத் தகரப் பட்டை வெட்டித் தந்தவர் சைதாப்பேட்டையில் தகர வேலை செய்யும் அப்துல் கஃபார். ஜல்லிக்குச் செங்கல் தூள். புல்லுக்குப் பச்சைச் சாயம் போட்ட மரத்தூள். அடையாற்றுக்கு ஒரு கண்ணாடித் துண்டு.

ஆற்றுப் பாலம் முடிந்த அன்று, ஏழு மணிக்கு, ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் குரல்.

"வண்டி போய்ட்ச்சா நைனா?"

வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்று ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார். ஒரு மூலையில் கிழிசல். அதன் வழியே, கம்பியைப் பிடித்திருந்த நாலு விரல் மட்டும் தெரிந்தது. நனைந்த சாக்கின் வாசனை.

"இன்னும் இல்லேம்மா. ஏழே காலுக்கு ஒண்ணு இருக்கு."

விரல்கள் போய்விட்டன. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். அதற்கு மறுநாளும். பத்து நாளில் அவர் அந்தக் குரலுக்காகவே ஆபீசிலிருந்து விரைந்து வர ஆரம்பித்தார். அன்றைக்கு எந்த ஸ்டேஷன் முடிந்தது என்று சொல்வார். விசாலாக்ஷியின் கடிதத்தைப் படித்துக் காட்டுவார். அவள் 'உம்' கொட்டுவாள். அந்த வீட்டில் அவருக்கு உம் கொட்ட வேறு யார் இருந்தார்கள்?

ஒருநாள் பட்டை கொண்டுவந்த கஃபார் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"யாராண்ட சார் பேசிக்கினு கீறீங்க?"

"ஜன்னலண்டை அந்தம்மா..."

"நான் அந்தப் பக்கமாத்தானே வர்றேன். ஒர்த்தரும் இல்லியே."

கஃபார் பட்டைகளை வைத்துவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனார். ஸ்ரீரங்கன் பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. நாளைக்கு அவள் வராமல் போய்விடுவாளோ என்ற கவலைதான் வந்தது.

வந்தாள். ஆனால் வேறு கேட்டாள்.

"சைதாப்பேட்டை ரயில்வே கேட்டண்டை வேப்பமரம் வெச்சிக்கீறியே. அதுக்குக் கீழ ஒரு பொம்பள குந்திக்கினு இருப்பாளே. அத்த வெக்கலியே?"

"யாரும்மா அது?"

"ரொம்ப நாளா குந்திக்கினு கீறா நைனா."

அன்றிரவே தீக்குச்சியும் மெழுகும் வைத்து, விரற்கடை உயரத்துக்கு ஒரு பெண் செய்தார். புடவைக் கிழிசல் சுற்றினார். வஜ்ஜிரப் பசை தடவி மரத்தடியில் உட்கார்த்தினார். மறுநாள் விரல்கள் கம்பியை வெகுநேரம் பிடித்திருந்தன.

"இப்பதான் எனக்கு எடம் கெடச்சுது."

அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

ஒரு வாரம் ஸ்ரீரங்கன் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஏழு மணிக்கு எஞ்சினை ஓட விட்டு, "வண்டி வரதும்மா" என்று உரக்கச் சொல்லிப் பார்த்தார். தகரத்தில் சக்கரம் தேய்கிற சத்தம்தான். பலகை முழுக்க ஊர்... ஊர் முழுக்க அந்த ஒரே ஒரு ஆள், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

எட்டாம் நாள் அவர் ஒரு காரியம் செய்தார். பொம்மையைப் பெயர்த்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இடம் இல்லையென்றால் திரும்ப வந்துதானே ஆகவேண்டும்?

ஏழு மணி. ஜன்னலில் ஒன்றுமில்லை. எஞ்சினுக்குச் சாவி கொடுத்தார். கிர்ர்... கிர்ர்... சாவியை விட்டதும், முதுகுக்குப் பின்னால், சமையலறைக்குள்ளிருந்து...

"இருந்த எடத்தையும் எடுத்துட்டியே நைனா. இனிமே நான் எங்க குந்துறது?"

அவரால் திரும்ப முடியவில்லை. வீடு பூராவும் நனைந்த சாக்கு வாசனை. பொம்மையைத் திரும்ப வைத்துவிடலாம் என்று பைக்குள் கை விட்டார். பொம்மை இல்லை. ஈரமாக ஒரு நூல் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

கதவைக்கூடப் பூட்டவில்லை. ஸ்டேஷனுக்கு ஓடினார், எழும்பூர் போய், தெற்கே போகிற ராத்திரி வண்டியில் தொற்றினார். வேலை போனாலும் போகட்டும். இனி ஒரு ராத்திரி தனியாக இருப்பதில்லை. ராணுவ வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு அது ஊர்ந்தது. நீடாமங்கலத்தில் வண்டி மாறி, மறுநாள் விளக்கு வைத்த பிறகுதான் மன்னார்குடி வீட்டு வாசலில் போய் நின்றார். விசாலாக்ஷியைக் கண்டதும்தான் மூச்சு வந்தது.

அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"வாங்கோ. நீங்க வண்டி ஏறிட்டேள்னு நேத்து ராத்திரியே சொல்லிட்டாளே."

"யாரு?"

"நீங்க அனுப்பிச்சவதான். நாங்க தனியா இருக்கோம்னு துணைக்கு அனுப்பிச்சேளாமே. யாரு என்னன்னு கேக்கக்கூட எனக்குத் தோணலை பாருங்கோ, உள்ளேயே இடம் கொடுத்துட்டேன். விளக்கு வெச்சப்புறம் தலை வாரக் கூடாதுன்னாலும் கேக்கமாட்டேங்கறா. சூடாமணிக்குப் பின்னிண்டிருக்கா."

"அப்பா!" என்று சூடாமணி இருட்டிலிருந்து ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். ஒரு பக்கம் இறுக்கிப் பின்னியிருந்தது. மறுபக்கம் அவிழ்ந்து தொங்கி, நீர் சொட்டிற்று.

உள் அறையில் சீப்பு இழுபடும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

சரக்... சரக்...