திமிங்கிலம் ஒதுங்கிய நாள்

ஒரு நாளின் இன்றைய விலை நான்கு திர்ஹம். அந்த நாளில் பிறந்தவர்கள், இறந்தவர்கள், முடிசூடியவர்கள், மூழ்கிய கப்பல்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். தாஞ்சியர் நகரின் எந்தப் பத்திரிகைக் கடையிலும் கிடைக்கும், பேரம் கிடையாது.

அந்தச் சரக்கை முப்பத்தோராண்டு சலித்துப் புடைத்துத் தந்த செம்மலே! "இந்நாளில்" பத்தியின் இணையற்ற எழுதுகோலே! தேதிகளைத் தேடித் துலக்கிய தெளிந்த மதியினரே! பேரரசருக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் ஒரே அளவு எழுத்தில் இடமளித்த பெருந்தகையே! எங்கள் ஸீ பூஷ்தா அவர்களே! உங்கள்மீது அமைதி நிலவுக!

ஊரிலுள்ள பத்திரிகைகள் நிகழ்ச்சி, பிறப்பு, இறப்பு என்று வரிசை வைத்திருக்க, நீங்கள் மட்டும் இறப்பை முன்னே தள்ளிப் பிறப்பைக் கடைசியில் நிறுத்தினீர்கள். ஆசிரியர் காரணம் கேட்டார். "காலைல காசு குடுத்து வாங்குறவனைக் கபர்ஸ்தான்ல கொண்டுபோய் விடச் சொல்றீங்களா? ஒரு பிள்ளை அழுகுற சத்தத்தோட தேநீரைக் குடிக்கட்டுமே!" என்றீர்கள். அதன்பின் அதுவே நம் பத்தியின் வரிசை.

மீன்சந்தை லல்லா ரஹ்மா தொலைபேசியில் சண்டைக்கு வந்த நாளை மறப்போமா? "என் புருஷன் கடலோட போன நாளு இது. உங்க பேப்பர்ல சாவுறதுக்குக்கூட ராஜாவா இருக்கணுமோ?" என்றார். "ரெண்டு சாட்சி கொண்டாங்க, லல்லா. ராஜாவுக்கும் எனக்கு அதே கணக்குதான்" என்றீர்கள். துறைமுகத்துத் தாளோடும், அதே படகில் போய்ப் பிழைத்து வந்தவரோடும் மறுநாளே வந்து நின்றார். அன்றிலிருந்து ஆண்டுதோறும் மார்ச் மூன்றாம் தேதி, ஒரு சுல்தானுக்கும் ஒரு வானியல் அறிஞருக்கும் நடுவே, மத்தி பிடித்த அவர் கணவர் ஹமிதோவும் நிமிர்ந்து நிற்கிறார்.

ஊரார் நாளையெல்லாம் உரைத்துப் பார்த்த உங்களுக்கு உங்கள் நாள் மட்டும் கிடையாது. அஸீலாவுக்குப் பின்னாலுள்ள மலைக்கிராமத்தில் நீங்கள் பிறந்ததை யாரும் குறித்து வைக்கவில்லை. பதிவு எழுத்தர் வழக்கம்போல் ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டார். அந்தத் தேதிக்காரர்களை மட்டும் அழைத்தால் நம் பெரிய சந்தை நிரம்பி வழியும்! அந்தத் தாளின்படி நாளை உங்களுக்கு அறுபது நிறைகிறது, பணி ஓய்வும் வருகிறது. அதனால்தான் இன்று இந்த விழா.

ஒரு ரமலான் மாலை, ஹரீரா கஞ்சிக் கிண்ணத்தோடு அமர்ந்திருந்தபோது வாய்தவறிச் சொன்னீர்கள்: "பெரிய மீனு அஸீலா கரையில ஒதுங்குன அன்னிக்குத்தான் நீ பொறந்தேன்னு உம்மா சொல்லும்." விளம்பரப் பகுதிக்காரனான நான் விடவில்லை. "அப்புறம் என்ன, ஸீ பூஷ்தா? தேடிப் போட்டுக்க வேண்டியதுதானே!" என்றேன். "என் சரக்கை நானே நிறுத்தா தராசு என் பக்கம்தான் சாயும். அந்த மீனுக்கு யாரு சாட்சி?" என்று சிரித்தீர்கள். சிரித்தபின் கஞ்சியை ஆறவிட்டு, எழுந்துபோய் மறுநாள் பத்தியைத் திருத்த உட்கார்ந்துவிட்டீர்கள்.

ஐயா, அந்த ஆறிய கஞ்சியை எங்களால் தாங்க முடியவில்லை. நீங்கள் மதிய உணவுக்குப் போகும் வேளைகளில் பழைய தொகுப்புகளைப் புரட்டினோம். நீங்கள் பிறந்த ஆண்டின் அக்டோபர் பதினெட்டாம் தேதி இதழில், மூன்றாம் பக்கத்து மூலையில், கிடந்தது திமிங்கிலம்! உடனே அந்தத் தேதிக்குப் பக்கம் கட்டினோம். பாதாம் பலகாரத்துக்கும் சொல்லிவிட்டோம். அப்போதுதான் பிழைதிருத்தும் நுஸ்ஹா அலறினாள்: "நேத்து ஒதுங்கியதுன்னு போட்டிருக்குப்பா! பேப்பர் தேதி வேற, நடந்த தேதி வேறன்னு இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்துறாரே! அவர் நாளையே தப்பாப் போட்டா நம்மளை உயிரோட தோலை உரிச்சிருவாரு!" பதினெட்டு பதினேழாயிற்று. உங்கள் மாணாக்கர் என்ற பெயரும் பிழைத்தது.

இரண்டாம் சாட்சியைத் தேடிச் சந்தையெல்லாம் சொல்லிவைத்தோம். லல்லா ரஹ்மாவே ஒரு நிழற்படத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். திமிங்கிலத்தின் முதுகில் நான்கு வயதுச் சிறுமியாக அவர். படத்தின் பின்னால் அவர் தந்தையின் கையெழுத்தில் அதே ஆண்டு, அக்டோபர் பதினேழு. "என்கிட்ட சாட்சி கேட்டாருல்ல உங்க ஸீ பூஷ்தா? இந்தாங்க, நானே சாட்சி! இதுக்கும் ரெண்டு கேட்டா மீனாலேயே அடிப்பேன்னு சொல்லுங்க!"

இரண்டையும் எடுத்துக்கொண்டு, தேதியைத் திருத்தி உங்கள் ஓய்வைத் தள்ளிவைக்கக் கேட்டு ஓய்வூதிய அலுவலகம் போனோம். பழைய துணிக்கடையில்கூட நான் அவ்வளவு பேரம் பேசியதில்லை. தாளில் இருப்பதே பிறப்பு என்று சொல்லிவிட்டார்கள். தோற்றுத் திரும்பினோம்.

ஆனால் பத்தி நம்முடையது! வரும் அக்டோபர் பதினேழின் பக்கத்தை இம்மடலோடு சட்டமிட்டுத் தருகிறோம். கடைசி வரியில், உங்கள் வழக்கப்படியே, ஒரு பிறப்பு: "பூஷ்தா, பத்திரிகையாளர். சாட்சிகள் சரிபார்க்கப்பட்டன."

அண்ணலே! அந்த வரிக்கு முந்திய வரிசையில் உங்கள் பெயரைச் சேர்க்கும் வேலை எங்கள் யாருக்கும் வாய்க்காதிருக்கட்டும். கண்ணொளி குன்றாமல், நடை தளராமல், பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள்களையும் இரண்டு சாட்சி வைத்துக் கொண்டாடிக் களித்திருப்பீராக!

என்றும் உங்கள் அன்பில்,
அலுவலகத்தார் அனைவரும்
தாஞ்சியர், டிசம்பர் 31

கணக்கு:
நீங்கள் எங்களுக்குத் தந்தது: முந்நூற்று அறுபத்தாறு தேதிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு குழந்தை.
நாங்கள் உங்களுக்குத் தந்தது: ஒரே ஒரு தேதி.
பாக்கி: ஜனவரி ஒன்று முதல் உங்கள் மெய்யான பிறந்தநாள் வரை, தாள் பறித்துக்கொண்ட இருநூற்று எண்பத்தொன்பது நாட்கள். உங்கள் நாற்காலி அதே சன்னலோரம்தான் கிடக்கிறது. வசூலுக்கு நேரில் வரவும்.