பிரெஞ்சு வைத்தியனும் வெறும்வயிற்றுத் தீர்ப்பும்

தம் அரிசி ஆலையின் மின்சாரத்தையே இழுத்து வந்து இந்த ஒலிவாங்கிக்கு உயிர் கொடுத்த தலைவர் ஸைனுலாப்தீன் ஹாஜியார் அவர்களே! சென்ற ஆண்டுச் சூறாவளி தூக்கிக்கொண்டு போன கூரைக்குப் புதுக்கூரை போட்டு, இந்த வாசிகசாலையை மீண்டும் திறக்கும் சாய்ந்தமருதுப் பெரியோர்களே! காரைதீவிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த என் ஆசிரிய நண்பர் அழகரெத்தினம் அவர்களே! சீலைத் திரைக்கு அப்பால் சிரிப்பை அடக்கிக்கொண்டு வீற்றிருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்து, என்னைப் பார்க்காமல் புதுக்கூரையையே பார்த்துக்கொண்டிருக்கும் ஷரிபுதீன் மாமா அவர்களே! உங்கள் எல்லோர் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். அன்பர் யாவருக்கும் என் வணக்கம்!

தலைவர் சற்றுமுன் என் காதோடு கேட்டார்: "அச்சிமுகம்மது மாஸ்டர், நோட்டீசில மனிசன் ஒரு மிசின் எண்டு கிடக்கே, அது எந்தக் கம்பனி மிசின்?" ஹாஜியார் அவர்களே! எந்தக் கம்பனியும் செய்ய முடியாத மிசின் அது! உங்கள் மிசினில் நெல்லைப் போட்டால் அரிசி வரும். இந்த மிசினில் சோற்றைப் போட்டால் சிந்தனை வரும்!

இதைச் சொன்னவன் யார்? அவன் பெயர் லா மெத்திரி. இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னே, பிரான்சு தேசத்துக் கடலோர ஊர் ஒன்றில் பிறந்தவன். தகப்பன் புடவை வியாபாரி.

(சபையில் ஒரு குரல்: "அப்ப மருதமுனையான்!")

ஓம் தம்பி, ஓம்! தறிச்சத்தம் ஓயாத மருதமுனையில் பிறந்திருக்க வேண்டியவன், கொஞ்சம் மேற்கே தள்ளிப் பிறந்துவிட்டான்! தகப்பன் அவனைப் பாதிரியாக்கப் பார்த்தார், அவனோ வைத்தியனானான். படையோடு போன இடத்தில் வைத்தியனுக்கே காய்ச்சல். அனலாய்க் கொதித்தது உடம்பு. படுத்த படுக்கையில் அவன் தன்னையே கவனித்தான். உடல் கொதித்தபோது அறிவு குழம்பியது. உடல் தணிந்தபோது அறிவு தெளிந்தது. அப்படியென்றால் அறிவு குடியிருப்பது எங்கே? வானத்திலா? வாசலிலா? இந்த இரத்தத்திலும் நரம்பிலும் அல்லவா! எழுதினான். புத்தகத்தை எரித்தார்கள். ஒல்லாந்துக்கு ஓடினான். அங்கே மனிதன் ஓர் இயந்திரம் என்றே எழுதினான், அங்கிருந்தும் துரத்தினார்கள். கடைசியில் பிரஷ்ய மன்னன்தான் அழைத்து இடம் கொடுத்தான். அந்த அரண்மனையில் என்ன செய்தான் தெரியுமா? மன்னனுக்கு முன்னாலேயே பொய்முடியைக் கழற்றி எறிந்துவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டான்!

"தனியே உயிர் என்று ஒன்றில்லை என்றானே, நீயும் அப்படித்தானா?" என்று உங்கள் புருவங்கள் கேட்கின்றன. இல்லை! அதில் அவன் வழி வேறு, என் வழி வேறு. இன்று சுபஹுக்கு என் தோளோடு தோள் நின்று தொழுதவர்கள் இதே சபையில் இருக்கிறார்கள். ஆனால் வயிறும் புத்தியும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்றானே, அதை யார் மறுப்பது? நோன்பு மாதத்தில், அஸர்த் தொழுகைக்குப் பின் கல்முனைச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? காலையில் "வாங்க காக்கா" என்று அண்ணன்முறை சொல்லிக் குழைந்தவன், மாலையில் "வாங்கிறெண்டா வாங்கு, இல்லாட்டிப் போ!" என்று குரைப்பான். நோன்பு திறக்கப் பாங்கு சொல்லட்டும். ஒரு பேரீச்சம்பழம், ஒரு கோப்பைக் கஞ்சி! அதே வாய் "இருங்க காக்கா, கஞ்சி குடிங்க" என்று தேனாய் ஒழுகும்!

(திரைக்கு அப்பால்: "அதுக்கு என்னத்துக்கு மாஸ்டர் கல்முனைக்குப் போகணும்? எங்கட ஊட்ட வந்து பாருங்க!")

சபையோரே, அது ஷரிபுதீன் மாமாவின் மனைவி சல்மா மாமியின் குரல். நான் ஒன்றும் சொல்லவில்லை!

ஆகவேதான் அந்த வைத்தியன் ஆசைப்பட்டான், நீதிபதிகளின் ஆசனத்தில் நல்ல வைத்தியர்கள் அமர வேண்டுமென்று. நான் இன்னும் ஒருபடி மேலே போகிறேன். குற்றத்தைக் கேட்குமுன் நாடியைப் பார்! தீர்ப்பைச் சொல்லுமுன் தின்றாயா என்று கேள்!

அவன் எப்படி இறந்தான்? அவன் குணமாக்கிய தூதுவர் ஒருவர், நன்றிக்கடனாக விருந்து வைத்தார். காட்டுக்கோழி இறைச்சிப் பண்டம். ஒரு வெட்டு வெட்டினான், படுத்தான், போனான் என்பார்கள். வயிறே தத்துவத்தைத் தின்றது என்று பகைவர்கள் கைகொட்டினார்கள். நான் சொல்கிறேன், அவன் செய்த ஒரே பிழை தனித்தட்டில் தின்றது! நம்மைப்போல் ஒரு சஹன் தட்டைச் சுற்றி அமர்ந்து, பக்கத்தில் நாலு கைகள் சோற்றுக்கு வந்துகொண்டிருந்தால், அளவு மீற வழி ஏது?

சஹன் என்றதும் எனக்குக் கிட்டாமல் போன ஒரு சஹன் ஞாபகம் வருகிறது. ஊரறிந்த கதைதான், நானே சொல்லிவிடுகிறேன். சென்ற நோன்பில் என் பெரியவாப்பா ஒரு திட்டம் போட்டார். அஸருக்கு ஷரிபுதீன் மாமா வீட்டில் அவர் மகளுக்கும் எனக்கும் சம்பந்தம் பேசுவது. பாங்கு சொன்னதும் ஒரே சஹனில் உண்பது. என்ன புத்தி! நோன்பு திறந்த பின் பேசவேண்டியதைத் திறக்குமுன் வைத்தார்!

மாமா சொன்னார்: "வாசிகசாலையில அந்த நாஸ்திகனப் பத்திக் கதைக்கப் போறீங்களாம். வேணாம், விடுங்க."

"கதைப்பன் மாமா."

"அப்ப எங்கட ஊட்டுக்கு வர வேணாம்."

"வரல்ல!"

மாப்பிள்ளை பெண்வீட்டுக்குக் குடிபோகும் இந்தக் கரையில் அதன் பொருள் என்ன? கல்யாணம் இல்லை! பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. எழுந்து வந்துவிட்டேன். என் வீட்டில் கஞ்சி குடித்தேன். கஞ்சி இறங்க இறங்க என் வீரமும் இறங்கியது. 'வரல்ல' என்றது யார்? நானா? என் வெறும் வயிறா? அன்றிலிருந்து எனக்குச் சோறு பிடிக்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை!

பேச்சை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். கேட்காமலே துரத்திய ஊர்கள் அந்த வைத்தியனுக்குப் போதும். கேட்டுவிட்டு மறுக்கும் ஊராக நம் ஊர் இருக்கட்டும்! ஆனால் அந்தச் சம்பந்தத் தீர்ப்பு இருக்கிறதே, அது வெறும்வயிற்றுத் தீர்ப்பு! இந்த மாமன்றத்தில் மேன்முறையீடு செய்கிறேன்! அழகரெத்தினம், பக்கத்தில்தானே இருக்கிறீர்? மாமாவின் நாடியைப் பிடித்துப் பாரும்!

(அழகரெத்தினம்: "நாடி நல்லா ஓடுது மச்சான். ஆள் சிரிக்கிறார்!")

சிரிக்கிறாரா! மாமா, ஏன் எழும்புகிறீர்கள்? போகிறீர்களா?

(ஷரிபுதீன்: "நீங்க கதைச்சதுல பாதி பிழை. இஞ்ச வெச்சு என்னத்தச் சொல்லுற? வாங்க மருமகன், ஊட்ட போய்த் திண்டுபோட்டுச் சண்ட புடிப்பம்.")

தலைவர் அவர்களே, பொறுத்தருள வேண்டும்! சொல்ல இன்னும் எவ்வளவோ இருந்தது, ஒன்றும் ஞாபகமில்லை! பொறுமையாய்க் கேட்ட சபைக்கு நன்றி, மின்சாரத்துக்கு நன்றி, அடக்க மறந்து சிரித்த தாய்மார்களுக்கு ஆயிரம் நன்றி! வணக்கம்! அஸ்ஸலாமு அலைக்கும்! மாமா, கொஞ்சம் நில்லுங்க, நானும் வாறன்!