இறுகிய கைப்பிடி

சீகிரியாப் பக்கத்துத் தூசி பொல்லாதது, சேர். மழை விட்டு இரண்டு கிழமை வெயில் எறித்தால் போதும், பூட்டி வைத்த அறைக்குள்ளும் செம்மண் வந்து படிந்துவிடும். அதைச் சுவாசிக்கிற நமக்கே தெரிவதில்லை. பரசூட்டுக்குத் தெரியும்.

என் பெயர் நப்லான். வீடு கலேவெல. டுபாயில் பரசூட் பராமரிக்கப் பழகிவிட்டு வந்து, இங்கே வெளிநாட்டுக்காரர்களை விமானத்திலிருந்து குதிக்க வைக்கும் கம்பனியில் அதே வேலையைப் பார்த்தேன். இந்தப் பொலிஸ் விசாரணையில் நீங்கள் முதலில் கேட்டது தோள்வளையங்களைப் பற்றி. அதையே சொல்கிறேன்.

குதிப்பவரின் முதுகில் இரண்டு பரசூட் இருக்கும். பெரியது சிக்கலாக விரிந்தால், அதைக் கழற்றி விட்டுவிட்டுச் சின்னதை விரிக்க வேண்டும். பெரியதைத் தோள்களில் பிடித்துக்கொண்டிருப்பவை பக்கத்துக்கு மூன்று இரும்பு வளையங்கள். நெஞ்சிலுள்ள கைப்பிடியை இழுத்தால் உள்ளே ஓடும் கேபிள் உருவிக்கொண்டு வரும், வளையங்கள் அவிழும். கேபிள் சுத்தமாக இருந்தால் பெரிய பலம் தேவையில்லை. அதற்காகத்தான் மாதா மாதம் அதை வெளியே உருவித் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, வளையங்கள் கோத்த நாடாக்களை வளைத்து நெகிழ்த்தி, மறுபடி கோத்து வைக்கிறோம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. மறக்காமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

றம்ஸியின் பரசூட்டுக்கு மட்டும் நான் அதைச் செய்யாமல் விட்டேன்.

றம்ஸி என் தங்கை ஜஸ்லாவின் மாப்பிள்ளை. விருந்தாளிகளோடு சேர்ந்து குதித்து அவர்களை வீடியோ எடுப்பான். நல்ல பிள்ளை. அவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

எங்கள் உம்மா பாரிசவாதத்தில் விழுந்து படுக்கையோடு இருக்கிறார். தூக்கி உட்கார வைப்பது, கழுவுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் ஜஸ்லாதான். வேறு யார் கை பட்டாலும் உம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் ஒருநாள் ஊட்டிப் பார்த்தேன், கோப்பையைத் தட்டிவிட்டார். இப்படி இருக்கும்போதுதான் றம்ஸிக்கு டுபாயில் வேலை கிடைத்தது, மனைவிக்கும் விசாவோடு.

“அவளயாவது விட்டுட்டுப் போ றம்ஸி,” என்றேன்.

“எப்படி மச்சான்? கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து அவ உம்மாட கட்டிலுக்குப் பக்கத்துலதான் இருக்கா. அவளும் கொஞ்சம் வாழட்டுமே. உம்மாவப் பாக்க ஒரு ஆள் வைப்போம், சல்லி நான் அனுப்புறேன்.”

பேச்சில் பிழை இல்லை. ஆனால் பெற்ற தாயை வேற்று ஆளிடம் ஒப்படைக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. அவனுக்கு ஒரு கால் முறிந்தால் போதும் என்று நினைத்தேன். கொஞ்சக் காலம் வீட்டில் கிடப்பான், டுபாய்க்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள், ஜஸ்லாவும் எங்கும் போக மாட்டாள். யாருக்கும் நஷ்டமில்லை.

ஒருநாள் அவனே வந்து கேட்டான். “மச்சான், இந்தக் கைப்பிடி கொஞ்சம் இறுக்கமா இருக்கே, பாத்தீங்களா?”

“பாத்தேன். வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்.”

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. என் சொல்லை எப்போதும் நம்புவான்.

நான் அவனை அல்லாஹ்விடம்தான் விட்டேன், சேர். பெரியது ஒழுங்காக விரிந்தால் அந்தக் கைப்பிடிக்கு வேலையே இல்லை. எத்தனையோ குதிப்பில் ஒன்றுதான் சிக்கும்.

அன்று சிக்கியது. நான் கீழே நின்று தொலைநோக்கியில் பார்த்தேன். துணி ஒரு பக்கம் சுருண்டு அவனைச் சுழற்றியது. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து இழுத்தான். விட்டுவிட்டு மறுபடியும் இழுத்தான். கடைசியில் வளையங்கள் அவிழத்தான் செய்தன. ஆனால் சின்னது விரிய உயரம் போதவில்லை. சோளம் பயிரிட்ட சேனை நிலத்துக்குள் விழுந்தான். எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் அவன் தலையை மடியில் வைத்தவன் நான்தான். காதருகே கலிமா சொன்னேன். கேட்டானோ தெரியாது.

ஜஸ்லா இப்போது புருஷன் மௌத்தானதற்கு இத்தா இருக்கிறாள், நாலு மாதம் பத்து நாள் வெளியே போக மாட்டாள். உம்மாவின் கட்டிலடியிலேயே பாய் போட்டிருக்கிறாள். உம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறார். “நானா, இனி எனக்கு நீங்க மட்டும்தான்,” என்றாள் தங்கை. அவளை நான் கைவிட மாட்டேன்.

கேபிளில் மண் இருந்ததைக் கண்டு, பராமரிப்பில் கவனக்குறைவு என்று கம்பனிக்காரர்கள் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. மற்றப் பரசூட்டுகளை எடுத்துப் பாருங்கள், ஒரு பொட்டுத் தூசி இருக்காது. நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். றம்ஸி தன் பரசூட்டைத் தானே மடிப்பவன். அன்று காலை, “நீ போய்த் தேத்தண்ணி குடி, நான் மடிக்கிறேன்,” என்று அவன் கையிலிருந்து வாங்கி, எப்படி மடித்தால் சிக்குமோ அப்படி மடித்தவன் நான். அதனால் கவனக்குறைவு என்று மட்டும் எழுத வேண்டாம், சேர். நான் எதையும் கவனமாகத்தான் செய்வேன்.