அவரே படித்த கடிதம்

சரி... இவ்வளவு நேரமா இலவச மென்பொருள்னு ஒரு பட்டியலே சொல்லிட்டேன். எழுதுறதுக்கு ஒண்ணு, படம் பார்க்கிறதுக்கு ஒண்ணு, அழிஞ்சுபோன போட்டோவை மீட்கிறதுக்கு ஒண்ணு... பின் வரிசையில ரெண்டு பேருக்குக் கொட்டாவி வந்தாச்சு, நான் பார்த்துட்டேன். பரவாயில்ல. இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. அதைப் பட்டியல்ல பத்தோட பதினொண்ணா சொல்ல மனசு வரல. குட்டிக் கதையா சொல்லிடறேன்... கேக்குறீங்களா?

திருவம்பலம்னு ஒருத்தர். கோர்ட்டுல முப்பது வருஷம் தமிழ் டைப்பிஸ்ட். ரிட்டயர் ஆன ரெண்டாவது வருஷமே கண் அழுத்த நோய். ரெண்டு கண்ணுலயும் பார்வை போயிடுச்சு. ஆனா விரல் மறக்குமா? மறக்காதே! வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்தா இன்னைக்கும் பிசகில்லாம அடிப்பார். எழுத முடியும்... படிக்கத்தான் முடியாது. வர்ற மெயிலையெல்லாம் அவர் வீட்டம்மா செண்பகவல்லிதான் படிச்சுக் காட்டணும்.

யாரோட மெயில்? கோயம்புத்தூர்ல இருக்கிற அண்ணனோட மெயில். அண்ணன் பொண்ணு வேற சாதியில கல்யாணம் பண்ணிக்கிச்சு. சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்களோன்னு பயந்துக்கிட்டு இவர் அந்தக் கல்யாணத்துக்குப் போகல. அதோட பேச்சு நின்னுபோச்சு. பத்து வருஷம்! கண்ணு போன சேதி தெரிஞ்சப்புறம்தான் அண்ணன் முதல் மெயில் போட்டார். அந்தம்மா படிச்சாங்க...

"தம்பி, உனக்குக் கண்ணு போச்சுன்னு கேள்விப்பட்டேன். மனசு கேக்கல. உடம்பைப் பார்த்துக்கோ."

இவர் அழுதுட்டார். உடனே உட்கார்ந்து பதில் அடிச்சார். "அண்ணா, கல்யாணத்துக்கு வராதது என் தப்புதான்." பத்து வருஷமா வாயில வராத வார்த்தை... விரல்ல வந்துடுச்சு. அப்படியே நாலு வருஷமா போக்குவரத்து.

போன வருஷம் இதே நூலகத்துல, நம்ம ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு அந்தம்மா வந்தாங்க. "தம்பி... கண்ணு தெரியாதவங்களுக்குக் கம்ப்யூட்டரே படிச்சுக் காட்டுமாமே, நெசமா?"

"நெசம்தாம்மா. என்.வி.டி.ஏ.ன்னு பேரு. ஒரு பைசா கிடையாது. பார்வையில்லாத ரெண்டு பேர், தங்களை மாதிரி இருக்கிறவங்களுக்காக ஆரம்பிச்சது. திரையில இருக்கிறதைத் தமிழ்லயே படிக்கும்."

"பழைய மெயிலையும் படிக்குமா?"

"எல்லாத்தையும் படிக்கும்மா!" பெருமையாத்தான் சொன்னேன். அந்தம்மா முகம் வாடிப்போச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் சொன்னாங்க... "சரி. வந்து போட்டுக் குடுங்க தம்பி."

போட்டுக் குடுத்தேன். குரல் என்னவோ தகர டப்பாவுல கூழாங்கல்லை உருட்டின மாதிரிதான் இருக்கும். வேகத்தைக் குறைச்சு வெச்சு, நாலஞ்சு விசையைச் சொல்லிக்குடுத்துட்டு வந்தேன். ஒரு வாரத்துல அவர் பழகிட்டார். அப்புறம் நடந்ததை அந்தம்மாவே வந்து சொன்னாங்க. பழகினதும் முதல்ல எதைத் திறந்தார் தெரியுமா? அண்ணனோட அந்த முதல் மெயிலை. தகரக் குரல் படிச்சுது...

"தம்பி. உனக்குக் கண்ணு போச்சுன்னு கேள்விப்பட்டேன். என் மக கல்யாணத்தப்போ உனக்குக் கண்ணு இருந்துச்சு. அப்பவும் நீ எங்களைப் பார்க்கல."

அவ்வளவுதான். 'மனசு கேக்கல' இல்ல. 'உடம்பைப் பார்த்துக்கோ' இல்ல. ரெண்டாவது மெயிலும் சூடுதான். அஞ்சாவது, ஆறாவது வரும்போதுதான் அண்ணன் நெசமாவே இளகியிருக்கார்.

"வல்லி... இங்க வா. உடம்பைப் பார்த்துக்கோன்னு யார் எழுதினது?"

அந்தம்மா அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னாங்க. "நான்தாங்க."

"எங்க அண்ணன் என்னைத் திட்டினது எனக்குத் தெரிய வேண்டாமா? கண்ணுதானே போச்சு... நான் என்ன பச்சைக் குழந்தையா?"

அந்தம்மா முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் மெதுவா... "அப்படியே படிச்சிருந்தா, பதில் போட்டிருப்பீங்களா?"

அவர் யோசிச்சுப் பார்த்தார்... "போட்டிருக்க மாட்டேன். ஆனா, இனிமே நானே படிச்சுக்கிறேன் வல்லி. திட்டினாலும் நானே."

அந்தம்மா பொத்துன்னு பக்கத்துல உட்கார்ந்துட்டாங்க. "அப்பாடா! நாலு வருஷமா மெயில் வந்தாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்ங்க. இனிமே உங்க அண்ணனாச்சு, நீங்களாச்சு." சொல்லும்போதே அழுகை வந்துடுச்சு. அவர் கை அந்தம்மா கையைத் தேடிப் பிடிச்சுது.

அப்பவே அண்ணனுக்கு அடிச்சார். "உங்க முதல் கடிதத்தை இன்னைக்குத்தான் நானா படிச்சேன். நீங்க எழுதினது நியாயம் அண்ணா." அடுத்த வாரமே அண்ணன் கிளம்பி வந்துட்டார்... மகளையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? அந்தம்மா செஞ்சது சரியா தப்பான்னு தீர்ப்பு சொல்லவா? இல்லைங்க. அவங்க அன்பை நான் கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா எவ்வளவு அன்பானவங்க படிச்சாலும், என் கடிதத்தை நான் படிக்கணுமா இல்லையா? சந்தோஷமோ... வலியோ... முதல்ல எனக்கு வரணுமா இல்லையா? யாரோ முகம் தெரியாதவங்க சும்மா எழுதிக் குடுத்த ஒரு மென்பொருள், அதைத்தாங்க அவருக்குத் திருப்பிக் குடுத்துச்சு.

உங்க வீட்டுலயும் அப்படி ஒருத்தர் இருக்கலாம். 'இதைக் கொஞ்சம் படிச்சு சொல்லேன்'னு கேக்கக் கூச்சப்பட்டு, வந்த மெயிலைத் திறக்காமலே விட்டவங்க. இன்னைக்குப் போய்ப் போட்டுக் குடுங்க. செஞ்சவங்களோட சொந்தத் தளத்துல இருந்து மட்டும் இறக்குங்க, வேற எந்தத் தளமும் வேண்டாம். கண்ட்ரோல், ஆல்ட், இங்கிலீஷ் எழுத்து 'என்'... மூணையும் சேர்த்து அழுத்தினா பேச ஆரம்பிச்சுடும். அரை மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்குடுங்க. அப்புறம்... இதுதான் முக்கியம்... எழுந்து வெளியே வந்து, கதவைச் சாத்திடுங்க.

அவங்க தனியா படிக்கட்டும்.